ஏழைகளுக்கான வீடும் ஏழைகளின் வீடும்: ஹஸன் ஃபத்ஹியின் நூல் குறித்து

திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயமான ‘அந்நஹ்ல்’ சூராவில் 80, 81ஆம் வசனங்களைப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. வீடு, தோல் கூடாரம், கம்பளி, நிழல், மலைக் குகை, உடை, போர்க்கவசம் என மனிதனைக் காக்கும் பொருள்களை அல்லாஹ் இவ்விடத்தில் வரிசையாக நினைவூட்டுகிறான். உடையைக் கூறும்போது அது வெப்பத்திலிருந்து காப்பதாக மட்டுமே கூறுகிறான். குளிர் எங்கே போயிற்று?

இக்கேள்வி புதியதன்று. முற்கால விரிவுரையாளர்கள் இதனை நன்றாகவே அலசியுள்ளனர். இலக்கண அறிஞர் அல்ஃபர்ரா, எதிர்ச்சொற்களில் ஒன்றைக் கூறினால் மற்றதும் விளங்கிவிடும் என்றார். அல்லாமா ஸமக்ஷரீ, அரபியருக்கு வெப்பத்திலிருந்து காத்துக்கொள்வதே முதன்மைத் தேவையாக இருந்தது என்று விளக்கினார். கம்பளியின் வெதுவெதுப்பை அதே சூராவின் ஐந்தாம் வசனம் முன்னரே கூறிவிட்டது என்று சுட்டுவோரும் உளர். எனக்கு மிகவும் பிடித்த விடை, இமாம் தபரீ எடுத்தெழுதும் அதா அல்குராஸானீயின் கூற்றாகும். இறைவாக்கு அம்மக்கள் அறிந்தவற்றைக் கொண்டே அவர்களிடம் பேசியது என்பது அவர் கருத்து. சமவெளிகள் பரந்தவையாக இருக்க மலைகள் கூறப்பட்டதும், உறைபனி அதிகமாக இருக்க ஆலங்கட்டி கூறப்பட்டதும், கேட்டவர்கள் மலைவாசிகளாகவும் வெப்ப நாட்டினராகவும் இருந்தமையால்தான். காப்பைப் பற்றிப் பேசுவோர் காக்கப்படுபவரின் நிலத்திலும் அனுபவத்திலும் நின்று பேசவேண்டும் என்ற நெறி இதற்குள் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹஸன் ஃபத்ஹியின் புகழ்பெற்ற நூலை அண்மையில் மீண்டும் படித்தபோது இந்நெறியே அளவுகோலாக வந்து நின்றது.

ஹஸன் ஃபத்ஹி 1900இல் அலெக்ஸாந்திரியாவில் பிறந்து 1989இல் கெய்ரோவில் மறைந்தவர். மேல் எகிப்தில் லக்ஸருக்கு எதிர்க்கரையில் ‘புதிய குர்னா’ என்னும் கிராமத்தைக் கட்ட முயன்ற கதையே அவருடைய நூல். 1969இல் எகிப்தியக் கலாசார அமைச்சு அதனை ‘குர்னா: இரு கிராமங்களின் கதை’ என்னும் பெயரில் சில பிரதிகளே அச்சிட்டது. 1973இல் சிகாகோ பல்கலைக்கழகம் ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ என்று பெயர் மாற்றி வெளியிட்ட பின்னரே உலகம் அதனைப் படித்தது. நம்மவர் இதழ்களில் ‘இஸ்லாமியக் கட்டடக்கலை’ என்ற தலைப்பில் எவர் எழுதினாலும் இந்நூலுக்கு ஒரு வணக்கம் வைக்காமல் விடுவதில்லை. நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அவ்வாறே செய்துவந்தேன்.

முதலில் நூலின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். அது சிறிய சிறப்பன்று.

1941இல் பஹ்தீம் என்னுமிடத்தில் வேளாண் சங்கத்தின் பண்ணையில் மண்கல்லால் வீடு கட்ட முனைகிறார் ஃபத்ஹி. உலகப் போர்க்காலம். மரமும் இரும்பும் கிடைக்கவில்லை. சுவருக்கு மண் இருக்கிறது, கூரைக்கு என்ன செய்வது? எகிப்தின் ஏழை உழவனை நெடுங்காலமாக வாட்டிவந்த சிக்கல் இது. மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்ப அவனுக்குக் காசு வேண்டியதில்லை, கூரைக்குரிய மரத்துக்கு வேண்டும். வளைவுக் கூரை அமைக்கலாம் என்றால், அதனைக் கட்டி முடிக்கும் வரை கீழே தாங்கி நிற்க மரச்சட்டம், நம் கொத்தனார்கள் ‘சென்ட்ரிங்’ என்பது, வேண்டும். சட்டம் இல்லாமல் கட்டிப் பார்த்தார், வளைவு சரிந்தது. மீண்டும் கட்டினார், மீண்டும் சரிந்தது. அஸ்வான் அணைப் பணியில் இருந்த அவருடைய சகோதரர், நூபிய மக்கள் சட்டமின்றியே வளைவுக் கூரை போடுகிறார்கள் என்று தெரிவிக்க, ஃபத்ஹி அஸ்வானுக்குப் புறப்படுகிறார்.

அங்கே அவர் கண்டதை விவரிக்கும் பக்கங்கள் நூலின் உயிர்நாடி. அறையின் பின்சுவரைச் சற்று உயரமாக எழுப்புகிறார்கள். அச்சுவரின் மேல் ஈரமண்ணால் வளைவின் கோட்டைக் கொத்தனார் கண்ணளவாகவே வரைகிறார். அளவுகோலோ வரைபடமோ இல்லை. முதல் வரிசைக் கற்களைச் சுவரின்மீது சாய்த்து ஒட்டுகிறார். அடுத்த வரிசை முந்திய வரிசைமீது சாய்கிறது. ஒவ்வொரு வரிசையும் தனக்கு முன்னுள்ளதன்மீது சாய்ந்திருப்பதால் எதுவும் கீழே விழுவதில்லை. கற்கள் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் 5 செ.மீ. கனமும் கொண்டவை. எடை குறைவதற்காக வைக்கோல் கூடுதலாகச் சேர்த்தவை. ஈரம் காய்வதற்குள் விரலால் கல்லின் முகத்தில் கோடுகள் இழுத்துவிடுகிறார்கள், சேறு பற்றிப் பிடிப்பதற்காக. கையிலிருப்பது கொத்துக்கோடரி ஒன்றே. கல்லூரியில் கற்ற கணக்கெல்லாம் தீர்க்காத சிக்கலை எழுத்தறிவற்ற கொத்தனார் தீர்த்ததைக் கண்டு அந்தப் பட்டதாரி வியந்து நிற்கிறார். அந்த வியப்பில் பாசாங்கு இல்லை.

அடுத்து, வெப்பம். கெய்ரோவின் பழைய மாளிகைகளில் இருந்த ‘மல்கஃப்’ என்னும் காற்றுவாங்கியை அவர் மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். தெருமட்டத்துச் சன்னல் புழுதியையும் அனலையுமே வாங்கித் தரும். ஆகவே கூரைக்கு மேலே ஒரு கோபுரத்தை எழுப்பி, காற்று வரும் வடதிசை நோக்கி அதன் வாயைத் திறந்துவைத்தால், உயரத்தில் ஓடும் தூய காற்று கூடத்துக்குள் இறங்கும். கூடத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் மேற்கூரைத் திறப்புகள் வழியே சூடான காற்று வெளியேறும். 1350ஆம் ஆண்டைச் சேர்ந்த முஹிப்புத்தீன் அல்முவக்கியின் மாளிகைக் கூடம் இதற்கு அவர் விரும்பிக் காட்டும் சான்று. குர்னாவின் பள்ளிக்கூடத்தில் காற்றுவாங்கியினுள் ஈரக் கரித்தட்டுகளை வைத்து வெப்பத்தைப் பத்துப் பாகை வரை குறைத்ததாக எழுதுகிறார்.

மரச்சல்லடைச் சன்னலுக்கு ‘மஷ்ரபிய்யா’ என்ற பெயர் வந்ததை மொழி மாணவர் கவனிக்க வேண்டும். ‘ஷரிப’, அதாவது குடித்தான் என்னும் வேரிலிருந்து வந்த சொல் அது. குடிநீர்ப் பானைகளைக் காற்றுப்படும்படி வைக்கும் இடமாக இருந்து, பிற்பாடு சன்னலுக்கே பெயராயிற்று. பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையும் குளிர்கிறது, உள்ளே வரும் காற்றும் குளிர்கிறது.

இவையெல்லாம் பழம்பெருமைப் பேச்சல்ல என்பதற்கு அளவைச் சான்றும் உண்டு. 1964இல் கெய்ரோவில் கட்டட ஆய்வு மையத்தின் வளாகத்தில், மண்கல்லாலான வளைவுக்கூரை அறையையும் முன்வார்ப்புக் காங்கிரீட் அறையையும் கட்டி ஒப்பிட்டார்கள். மண் அறையின் வெப்பம் நாள் முழுதும் 21 முதல் 23 பாகை செல்சியஸுக்குள்ளேயே நின்றது. காங்கிரீட் அறையின் உச்ச வெப்பம் 36 பாகை.

அறிவியல் இவ்வாறு முன்னோர் வழக்கத்துக்குச் சான்று பகரும் வேறொரு நிகழ்வும் நினைவுக்கு வருகிறது. வசனம் ‘ஸராபீல்’ என்று குறிப்பிடும் உடையைப் பற்றியது அது. பாலைவன பதூக்கள் சிலர் வெயிலில் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்பதை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை உறிஞ்சுவது உண்மை. ஆனால், அங்கி தளர்ந்து தொங்குவதால் துணிக்கும் உடலுக்கும் இடையே ஓடும் காற்று அந்தக் கூடுதல் வெப்பத்தைத் தோலை எட்டுமுன் கொண்டுபோய்விடுகிறது. கறுப்பாயினும் வெள்ளையாயினும் உடலைச் சேரும் வெப்பம் ஒன்றே. வெளியிலிருந்து பார்த்து ‘அறியாமை’ என்று முடிவுகட்டியவர்களே இங்கு அறியாதவர்கள்.

இனி, குறைக்கு வருவோம். இதே தவற்றை ஃபத்ஹியும் செய்தார் என்பதே என் வாதம்.

குர்னா மக்கள் மலைச்சரிவில், பழங்காலப் பிரபுக்களின் கல்லறைகளின்மீதும் முன்பும் வீடுகட்டி வாழ்ந்தவர்கள். கல்லறைப் பொருள்களைத் தோண்டி விற்பதும் அவர்களில் பலருக்குத் தொழிலாக இருந்தது. ஒரு கல்லறையிலிருந்து பாறைச் சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்ட செய்தி பரவியதும், அம்மக்களை அங்கிருந்து அகற்றுவதெனத் தொல்பொருள் துறை முடிவு செய்தது. ஏறத்தாழ 7000 பேர். அவர்களைக் குடியமர்த்தச் சமவெளியில் ஏறத்தாழ 50 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, 1945இல் பணி ஃபத்ஹியிடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளிவாசல், சந்தை, அரங்கம், பள்ளிக்கூடம், வீடுகள் எல்லாம் மண்ணால் அழகுற எழுந்தன. ஒரு பகுதி முடிந்த நிலையில், 1948 அளவில் பணி நின்றது. மக்கள் வர மறுத்தார்கள். புதிய கிராமம் மூழ்கட்டும் என்று கரையையே வெட்டிவிட்டார்கள் என்று ஃபத்ஹி எழுதுகிறார்.

தோல்விக்கு அவர் காட்டும் காரணங்கள் இரண்டு. ஒன்று, அதிகாரிகளின் சிவப்புநாடா. இதைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார், சுவையாகவும் எழுதுகிறார். அரசு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய எவரும் அப்பக்கங்களைச் சிரிக்காமல் படிக்க முடியாது. இரண்டாவது, கல்லறைத் திருட்டு வருவாயை விட மனமில்லாத குர்னாவாசிகளின் பேராசை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால், மூன்றாவதாக ஒன்று உண்டு. அது நூலிலேயே சிதறிக் கிடந்தும் ஆசிரியரின் கண்ணில் படவில்லை.

அந்நஹ்ல் வசனத்துக்குத் திரும்புவோம். மலைகளில் அல்லாஹ் அமைத்த காப்பிடங்களை அது ‘அக்னான்’ என்கிறது. பழைய குர்னாவின் வீடுகள் அச்சொல்லுக்கு வாழும் விரிவுரையாக அல்லவா இருந்தன! பாறைக் குடைவுகள் கோடையில் குளிர்ந்திருந்தன. உயரத்தில் இருந்ததால் காற்று வந்தது. ஆண்டுதோறும் வந்த நைல் வெள்ளம் அவ்வீடுகளைத் தொடவில்லை. தேள் ஏறாதபடி குழந்தைகள் படுக்க மண்ணால் உயரமாகச் செய்த படுக்கையைக்கூட அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அதனை ஃபத்ஹியே குறிப்பிட்டுப் பாராட்டுகிறார். கொடிய சூழலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள முன்பே தெரிந்திருந்த மக்களைக் கீழே தாழ்நிலத்துக்கு இறக்கிவிட்டு, வெப்பத்திலிருந்து காத்துக்கொள்வது எப்படி என்று பாடம் நடத்தியதாகவே இம்முயற்சி முடிந்தது.

குவிமாடத்தின் கதை இதனினும் கசப்பானது. நூபியக் கொத்தனாருக்குக் குவிமாடம் வீட்டின் கூரை. லக்ஸர் பகுதி உழவனுக்கோ ‘குப்பா’ என்பது இறைநேசர் அடக்கமாகியிருக்கும் இடம். நமக்கு இது புரியாததன்று. நம் ஊரில் ஒருவர் தம் படுக்கையறைக்கு மேலே குப்பா எழுப்பினால் அண்டை வீட்டார் என்ன சொல்வார்கள்? எகிப்தின் ஒரு மூலையில் கற்றதை மறுமூலைக்குக் கொண்டுசென்று ‘இது உங்கள் மரபு’ என்று கூறுவது, மரபின் பெயரால் செய்யப்படும் இன்னொரு திணிப்பு. அதா அல்குராஸானீ சுட்டிய நெறி மீறப்பட்டது இவ்விடத்தில்தான்.

அரபு மொழி ஆசிரியன் என்ற முறையில் நூலின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். அரபியரான ஃபத்ஹி இந்நூலை எழுதியது ஆங்கிலத்தில். அரபியில் அது பின்னரே மொழிபெயர்ப்பாக வந்தது. ஏழை எகிப்தியனுக்கான கட்டடக்கலை அவன் மொழிக்கு வர மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்! ஆங்கிலப் பெயரில் ‘ஏழைகளுக்கான’ என்னும் பொருள் தெளிவாக நிற்கிறது. அரபுப் பெயரோ ‘இமாரதுல் ஃபுகரா’ என்னும் இளாஃபத் தொடர். ஏழைகளுக்கான கட்டடக்கலை என்றும் கொள்ளலாம், ஏழைகளின் கட்டடக்கலை என்றும் கொள்ளலாம். இளாஃபத்தில் பெரும்பாலும் ‘லாம்’ என்னும் எழுத்து மறைந்து நிற்பதாக நஹ்வு நூல்கள் கூறும்.

அந்த லாம் எப்படிப்பட்டது என்பதில் ஃபிக்ஹு அறிஞர்கள் நெடுநேரம் நின்று வாதிட்டிருக்கிறார்கள். ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரைக் கூறும் அத்தவ்பா சூராவின் 60ஆம் வசனம், ஏழைகள் முதலான முதல் நால்வரை ‘லாம்’ கொண்டும், பிந்திய நால்வரை ‘ஃபீ’ கொண்டும் கூறுகிறது. நம் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த லாம் ‘தம்லீக்’, அதாவது உரிமையாக்குதல் என்னும் பொருளுடையது. ஏழையின் கையில் பொருளை ஒப்படைத்து, அவனை அதன் உடைமையாளனாக்க வேண்டும். அவன் நன்மைக்காக நாம் விரும்பியபடி செலவழித்துவிட்டு ‘உனக்காகவே செய்தேன்’ என்று கூறுவது போதாது. ஃபத்ஹியின் நூலில் அன்பு உண்டு, உழைப்பு உண்டு, தியாகமும் உண்டு. தம்லீக் இல்லை. ஒவ்வொரு குடும்பத்தோடும் கலந்து பேசி வீடு அமைக்க வேண்டும் என்று அவர் எழுதியது மெய்யே. ஆனால், இடம்பெயர்வதா வேண்டாமா என்ற கேள்வியை எவரும் அம்மக்களிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகே மற்றக் கலந்தாலோசனைக்கு மதிப்பு வரும்.

வசனத்தின் முதல் சொல்லும் இதையே உணர்த்துகிறது. உங்கள் வீடுகளை அல்லாஹ் ‘ஸகன்’ ஆக்கினான் என்று அது தொடங்குகிறது. நிழலும் உடையும் குகையும் அடுத்த வசனத்திலேயே வருகின்றன. ‘ஸகன்’ அசைவு அடங்குதல், அமைதி பெறுதல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. கூடாரத்தைக் கூறும்போதும் அது எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும் என்று வசனம் கூறவில்லை, பயணத்திலும் தங்கலிலும் அது உங்களுக்கு இலகுவாய் இருப்பதாகவே கூறுகிறது. சுமப்பவனின் தோள் அங்கே பேசுகிறது. வெப்பமானியால் அளக்கத்தக்க காப்பில் ஃபத்ஹி வென்றார். ஸகன் மலைமேலேயே தங்கிவிட்டது.

நம்மவர் செய்யும் பிழை வேறு. அவர்கள் இந்நூலை ‘இஸ்லாமியக் கட்டடக்கலை’யின் வெற்றிக்கொடியாக உயர்த்துகிறார்கள். சட்டமில்லாத வளைவுக் கூரை இஸ்லாம் எகிப்துக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்தது. இரண்டாம் ராம்ஸெஸ் மன்னனின் ராமஸ்ஸியத்திலுள்ள மண்கல் களஞ்சியங்களை இன்றும் காணலாம், குர்னாவுக்கு அருகிலேயே. துபாயின் ‘பர்ஜீல்’ காற்றுக் கோபுரங்களோ பாரசீகத்தின் ‘பாத்கீர்’ என்பதன் பெயரையும் வடிவையும் தாங்கி, பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்களோடு வந்தவை. பிறரிடமிருந்து நன்மையைப் பெற்றுக்கொள்வதில் முஸ்லிம்களுக்கு அன்று வெட்கம் இருக்கவில்லை. நமக்கேன் இந்த வெட்கம்? 1981இல் ஃபத்ஹி நூபியக் கொத்தனார்களோடு அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அபிக்யூ என்னுமிடத்தில் ‘தாருல் இஸ்லாம்’ பள்ளிவாசலை எழுப்பினார். அது இஸ்லாமியக் கட்டடமாவது அங்கே தொழுகை நடப்பதால். மண்கல்லுக்கு மத்ஹப் கிடையாது.

இஸ்லாமிய நெறியைத் தேட வேண்டிய இடம் வேறு. கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சற்றுக் குளிரும்வரை பிற்படுத்தும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதனை ‘இப்ராத்’ என்பர். இதனை விளக்கும் ஷாஃபிஈ நூல்கள், தொலைவிலிருந்து ஜமாஅத்துக்கு நடந்து வருபவருக்குச் சுவரோர நிழல் விழும் அளவுக்குப் பிற்படுத்தலாம் என்கின்றன. சுவருக்கருகே எவ்வளவு நிழல் விழுந்தால் ஒருவன் நடந்து வர முடியும் என்று கணக்குப் பார்த்த ஃபகீஹ், காக்கப்படுபவனின் காலடியிலிருந்து சிந்தித்திருக்கிறார்.

வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கு இது ஏட்டுப் பேச்சல்ல. கோடையில் நண்பகல் நேரத்தில் திறந்தவெளி வேலைக்கு விதிக்கப்படும் தடை ஐக்கிய அரபு அமீரகத்தில் 2005 முதலும் கத்தாரில் 2007 முதலும் நடைமுறைக்கு வந்தது. கத்தாரில் 2021இல் அது ஜூன் முதல் நாள் தொடங்கி செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை என விரிவாக்கப்பட்டது. ஈரத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணிக்கும் வெப்ப அளவு 32.1 பாகையைத் தாண்டினால் எந்நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. துபாயில் பர்ஜீல் கோபுரங்களைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொண்டிருக்க, கண்ணாடிக் கோபுரத்தின் சாரத்தில் நின்றவனைக் காக்க இந்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காற்றுக் கோபுரம் பற்றிப் பத்துக் கட்டுரை படித்திருப்போம். இந்த விதியைப் பற்றி நம் இதழ்களில் எத்தனை கட்டுரை வந்தன?

அங்கே சம்பாதித்த பணத்தால் இங்கே நடந்ததையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பழைய வீட்டில் முற்றம் இருந்தது, நாட்டு ஓடு இருந்தது, திண்ணையும் இருந்தது. என் தம்பி சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் அதனை இடித்துக் காங்கிரீட் தளம் போட்டோம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவெல்லாம் அதை உமிழ்ந்தது. ஃபத்ஹியின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன தவறு செய்துவிட்டோம் என்று உம்மாவிடம் விளக்கினேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, ஒவ்வொரு மழைக்கும் கூரைமேல் ஏறி ஓடு மாற்ற ஆள் தேடி அலைந்தது யார், முற்றத்தில் தேங்கிய தண்ணீரை இறைத்தது யார் என்று கேட்டார்கள். தளம் போட்ட வீட்டுக்காரி என்று ஊரில் தங்களை மதிப்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். என்னிடம் பதில் இல்லை. மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துவிட்டு, அங்கேயே பாய் விரித்துக்கொண்டார்கள்.

நூல் வெளிவந்த பின் ஃபத்ஹிக்கு விருதுகள் குவிந்தன. 1980இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது வந்தது. புதிய குர்னாவின் மண்சுவர்களிலோ, அஸ்வான் உயர் அணைக்குப் பின் உயர்ந்த நிலத்தடி நீரும் உப்பும் ஏறின. பின்னாளில் அங்கே குடியேறியவர்கள் பல வீடுகளை இடித்துச் சுட்ட செங்கல்லாலும் காங்கிரீட்டாலும் கட்டிக்கொண்டார்கள். 2010இல் அக்கிராமம் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் கண்காணிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. மலைமேல் இருந்த பழைய குர்னாவை 2006 டிசம்பரில் அரசு இயந்திரங்களைக் கொண்டு இடிக்கத் தொடங்கி, மக்களை வேறொரு புதிய குடியிருப்புக்கு மாற்றியது. ஃபத்ஹி கட்டியவற்றுள் பள்ளிவாசல் மட்டும் அதிகச் சேதமின்றி நின்றது. ஊரார் அதனை விடவில்லை, அங்கே தொழுதுவந்தார்கள்.